ஸ்ரீவராகத்தின் முதல் எழுத்து கணினியில் ஏன் இரண்டு? @, ௸, ஸ்ரீ, ₹ குறிகள் கடந்து வந்த பாதை

திருவனந்தபுரத்தில், கோட்டைப் பகுதிக்கு அருகே ஸ்ரீவராகம் என்ற இடம் இருக்கிறது. அங்குள்ள வராகமூர்த்தி கோயிலால் வந்த பெயர் அது. அந்தப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் இங்கே இரண்டு தடவை தருகிறோம், பாருங்கள்: ஸ்ரீ, ஶ்ரீ.

'ரெண்டும் ஒண்ணுதானே?' என்று கேட்பீர்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினியைப் பொறுத்தவரை இவை இரண்டும் வேறு வேறு. ஒரு கோப்பில் முதல் வடிவத்தைப் போட்டுத் தேடினால், இரண்டாவது வடிவத்தில் தட்டச்சு செய்த ஸ்ரீவராகம் அகப்படாமல் போகலாம்.

உங்கள் பெயர் ஸ்ரீதர், ஸ்ரீவித்யா, ஸ்ரீனிவாசன் என்று இருந்தால் இந்தப் பிரச்னை உங்களுடையதும்தான். வாக்காளர் பட்டியல், அலுவலகத் தரவுத்தளம், பத்திரத்தின் மின்நகல் என எங்கே உங்கள் பெயரைத் தமிழில் தேடினாலும் இது குறுக்கே வரலாம்.

இது எப்படி நேர்ந்தது? அதைப் புரிந்துகொள்ள, குறிகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி அர்த்தம் மாறுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

'அட் த ரேட்' என்று ஏன் சொல்கிறோம்?

உங்கள் மின்னஞ்சல் முகவரியை யாராவது போனில் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள்? பெயரைச் சொல்லிவிட்டு, 'அட் த ரேட் ஜிமெயில் டாட் காம்' என்பீர்கள். 'ரேட்' என்றால் விலை. மின்னஞ்சலில் விலைக்கு என்ன வேலை?

@ குறி கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. '10 மூட்டை @ 50 ரூபாய்' என்றால் மூட்டை ஒன்றுக்கு 50 ரூபாய் வீதம் என்று பொருள். வணிகர்களுக்குப் பயன்பட்டதால்தான் அது தட்டச்சுப் பொறிகளிலும் இடம்பிடித்தது. 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் முறையை உருவாக்கினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட, யாருடைய பெயரிலும் வராத ஒரு குறி அவருக்குத் தேவைப்பட்டது. விசைப்பலகையில் இருந்த @ கைகொடுத்தது. குறியின் வேலை மாறிவிட்டது. ஆனால் இந்தியாவில் அதன் பழைய பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

& குறியின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். லத்தீன் மொழியில் 'மற்றும்' என்பதற்கான சொல் 'எத்'. அதன் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து வேகமாக எழுதி எழுதி உருவானதுதான் இன்றைய &.

# குறியோ எடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சுருக்கத்திலிருந்து வந்தது. அதனால்தான் அமெரிக்கர்கள் இன்றும் அதை 'பவுண்ட்' என்கிறார்கள். 1960-களின் இறுதியில் அது தொலைபேசிப் பொத்தானில் ஏறியது. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர், ட்விட்டரில் ஒரே தலைப்பிலான பதிவுகளைத் தொகுக்க இதைப் பயன்படுத்தலாமே என்று யோசனை சொன்னார். ஹேஷ்டேக் பிறந்தது.

மூன்றிலும் பாதை ஒன்றுதான். முதலில் ஒரு சொல் இருக்கிறது. எழுதுபவரின் அவசரத்தில் அது சுருங்குகிறது. சுருக்கம் ஒரு வடிவமாக இறுகுகிறது. மூலச்சொல் மறந்துபோன பிறகு, அந்த வடிவத்துக்கு வேறு யாரோ புது வேலை கொடுக்கிறார்கள்.

தமிழுக்கென்று சொந்தக் குறிகள் உண்டா?

உண்டு, நிறையவே. உங்கள் தாத்தா பாட்டி காலத்துக் கல்யாணப் பத்திரிகையோ நிலப் பத்திரமோ வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். '1931௵ ஜூன்௴ 5௳' என்பது போல ஒரு தேதி கண்ணில் படலாம். ௵ என்றால் வருடம். ௴ என்றால் மாதம். ௳ என்றால் நாள். எழுத்துப்பிழை மாதிரி தெரியும் இந்த மூன்றும் அச்சுக்கோப்பவர்களின் பெட்டியில் அன்றாடம் புழங்கிய குறிகள்.

கணக்குப் பிள்ளைகள் பயன்படுத்தியவை தனி. ௶ என்பது பற்று. ௷ என்பது வரவு. ௹ என்பது ரூபாய். ௺ என்பது எண். பத்திரங்களில் அடிக்கடி வருவது ௸. இதன் பொருள் 'மேற்படி'. ஒரு பத்திரத்தில் முதலில் ஓர் ஆளின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் விரிவாக வரும். அடுத்த வரியிலிருந்து '௸யார்' என்று முடித்துவிடுவார்கள். யாரைச் சொல்கிறது, எந்தச் சொத்தைச் சொல்கிறது என்பதெல்லாம் அந்த ஒற்றைக் குறியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் படிக்கத் தெரியாதவர் பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் புரட்டினால், பாதி வாக்கியம் புரியாமல் போகும்.

கடிதத்தின் தலையில் போடும் பிள்ளையார் சுழியும் இப்படி ஒரு குறிதான். பார்வைக்கு 'உ' போலவும், தமிழ் எண் இரண்டு (௨) போலவும் இருக்கும். உமையின் மகன் என்பதால் 'உ' என்கிறார்கள் சிலர். ஓம் என்பதன் கடைசிப் பகுதி என்கிறார்கள் வேறு சிலர். எழுத்தாணியையும் ஓலையையும் சோதிக்க முதலில் கிறுக்கிப் பார்த்ததுதான் பின்னாளில் சுழியானது என்று சொல்பவர்களும் உண்டு. மூலம் எதுவானாலும் இன்று அதற்கு ஒரே பொருள்தான்: 'ஆரம்பிக்கிறேன்'. அதனால்தான் 'பிள்ளையார் சுழி போட்டாச்சு' என்று ஒரு பேச்சு வழக்கே உருவானது.

இன்னும் உயிரோடு உருமாறிக்கொண்டிருக்கும் குறி வேண்டுமா? ஃ இருக்கிறதே. தொல்காப்பியம் இதை முப்பாற்புள்ளி என்கிறது. 'அஃது', 'எஃகு' போன்ற சொற்களில் அதற்கென்று தனி ஒலி உண்டு. ஆனால் நீங்கள் இன்று அதைப் பெரும்பாலும் எங்கே எழுதுகிறீர்கள்? ஃபேஸ்புக், ஃபோன், ஆஃபீஸ். தமிழில் இல்லாத ஓர் ஒலியைக் காட்ட, 'ப'வுக்கு முன்னால் வைக்கும் அடையாளமாக அது மாறிவிட்டது. யாரும் சட்டம் போட்டு மாற்றவில்லை. எழுதுபவர்கள் பழக்கத்தில் மாற்றினார்கள்.

ஸ்ரீ எங்கிருந்து வந்தது?

இப்போது ஸ்ரீவராகத்தின் முதல் எழுத்துக்கு வருவோம். ஸ்ரீ தமிழின் 247 எழுத்துகளில் சேராது. அது கிரந்த எழுத்து. தமிழகத்தில் சமஸ்கிருதத்தை எழுத உருவான எழுத்துமுறைதான் கிரந்தம். இன்றைய மலையாள எழுத்தும் அதே கிரந்தத்திலிருந்து கிளைத்ததுதான்.

சமஸ்கிருதத்தில் ஸ்ரீ என்றால் ஒளி, செல்வம், அழகு. லட்சுமியின் பெயரும் அதுவே. சோழர் காலக் கல்வெட்டுகளில் பலவும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்றுதான் தொடங்கும். உடலெல்லாம் தமிழ் எழுத்தாக இருக்கும், தொடக்கம் மட்டும் கிரந்தத்தில் இருக்கும். அந்த இடத்தில் ஸ்ரீயைச் சொல்லாக வாசிப்பதைவிட மங்கலக் குறியாகப் பார்ப்பதே பொருத்தம். பிள்ளையார் சுழி செய்யும் அதே வேலையை அது அங்கே செய்கிறது.

கேரளத்தில் அந்த வேலை இன்றும் தொடர்கிறது. விஜயதசமி அன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதன்முதலாக எழுதவைக்கும்போது 'ஹரி ஸ்ரீ' என்றுதான் தொடங்குகிறார்கள். அதனால் மலையாளத்தில் 'ஹரிஸ்ரீ' என்ற சொல்லே அரிச்சுவடி, தொடக்கம் என்ற பொருளில் வழங்குகிறது.

தமிழ் இதற்கு இணையாக வைத்திருக்கும் சொல் 'திரு'. ஸ்ரீரங்கம் என்றாலும் திருவரங்கம் என்றாலும் ஒரே ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரும் திருவில்லிபுத்தூரும் அப்படியே. திருவனந்தபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயர் 'திரு'வில் தொடங்குகிறது, அதற்குள் இருக்கும் ஸ்ரீவராகம் 'ஸ்ரீ'யில் தொடங்குகிறது. ஒரே முகவரியில் ஒரே மரியாதை இரண்டு மொழிகளில் உட்கார்ந்திருக்கிறது.

பெயருக்கு முன் வரும் அடைமொழியாகவும் ஸ்ரீ பரவியது. சைவ ஆதீனகர்த்தர்களின் பெயருக்கு முன் 'ஸ்ரீலஸ்ரீ' என்று இரட்டிப்பாகவும் வரும். பிறகு 20-ஆம் நூற்றாண்டில், தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் வலுத்தபோது இதே எழுத்துக்கு இன்னொரு பொருளும் ஏறியது. ஸ்ரீ, ஸ்ரீமதி என்று எழுதுபவர் ஒரு பக்கம், திரு, திருமதி என்று எழுதுபவர் இன்னொரு பக்கம் என்று பார்க்கும் காலம் வந்தது. இன்று தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களில் 'திரு'தான். அகராதிப் பொருள் ஒன்றாகவே இருந்தும், எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது உங்கள் நிலைப்பாட்டைச் சொல்வதாகிவிட்டது.

ஓர் எழுத்துக்காக ஊர் பற்றி எரியுமா?

எரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஸ்ரீயா திருவா என்பது பெரும்பாலும் மேடையிலும் தாளிலும் நடந்த விவாதம். கடல் தாண்டி இலங்கையில் அது ரத்தம் பார்த்தது.

1956-ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1957 முதல், புதிதாகப் பதிவாகும் வாகனங்களின் எண் பலகையில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து பொறிக்கப்பட்டது. பொருள் என்னவோ 'மங்கலம்'தான். ஆனால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாழ்ந்த தமிழர்களுக்கு அது வேறொன்றைச் சொன்னது: 'உங்கள் மொழிக்கு இங்கே இடமில்லை.'

1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தமிழ்ப் பகுதிகளுக்குப் பிராந்திய சபைகள் அமைக்கவும், தமிழுக்கு ஓரளவு இடம் தரவும் அது வழிசெய்தது. 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ பொறித்த அரசுப் பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டன. தமிழர்கள் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள், அந்த இடத்தில் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் விழுந்தது. ஏப்ரலில் ஒப்பந்தத்தைக் கைவிடுவதாகப் பண்டாரநாயக்க அறிவித்தார். மே மாதம் வன்முறை வெடித்தது. பலர் கொல்லப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். நாடு முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

வன்முறைக்கு அந்த எழுத்து மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மொழி, நிலம், வேலைவாய்ப்பு, அதிகாரம் என்று பல கோபங்கள் ஏற்கெனவே இருந்தன. அந்தக் கோபங்கள் எல்லாம் வந்து குவிய ஓர் இடம் கிடைத்தது, அதுதான் எண் பலகையின் ஸ்ரீ. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தார் பூசிய தமிழர்கள் அங்கே 'திரு' என்று எழுதவில்லை, ஸ்ரீ என்றே எழுதினார்கள். சொல்லின் மேல் அவர்களுக்குச் சண்டை இல்லை. யாருடைய எழுத்தில் அது எழுதப்படுகிறது என்பதுதான் சண்டை.

₹ எதிர் ரூ: 2025-ல் நடந்தது என்ன?

இதே கேள்வி, மிகச் சாதுவான வடிவத்தில், அண்மையில் நம் போனுக்கே வந்தது. 2025 மார்ச் 13 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட பட்ஜெட் இலச்சினையில் ₹ குறிக்குப் பதிலாக 'ரூ' இருந்தது. தேசியக் கல்விக் கொள்கை, மும்மொழித் திட்டம் தொடர்பாக மத்திய அரசோடு மோதல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாடு முழுக்க விவாதமாகிவிட்டது.

₹ குறியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15-ல். வடிவமைத்தவர் டி.உதயகுமார். மும்பை ஐஐடியில் படித்த தமிழர், முன்னாள் திமுக எம்.எல்.ஏ. ஒருவரின் மகன். தேவநாகரி 'ர'வையும், காம்பு இல்லாத ஆங்கில 'ஆர்' எழுத்தையும் இணைத்து அவர் அதை உருவாக்கினார். அதே 2010 அக்டோபரில் யூனிகோட் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது.

'ரூ'வை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மளிகைக் கடை ரசீது முதல் பேருந்துக் கட்டண அட்டவணை வரை தமிழில் காலம்காலமாக எழுதிவந்த சுருக்கம் அது. அதைவிடப் பழைய ௹ குறியும் தமிழுக்கு இருந்தது. 2025 மார்ச்சில் மாறியது 'ரூ'வின் வடிவமல்ல. அதுவரை விலைச் சீட்டில் சும்மா கிடந்த எழுத்துக்கு, அன்றிலிருந்து ஓர் அரசியல் பொருளும் சேர்ந்துகொண்டது. யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார் என்பதே குறியின் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது.

காசு பற்றிய பேச்சில் ஸ்ரீவராகத்தின் மறுபாதிக்கும் இடம் உண்டு. தமிழில் 'வராகன்' என்றால் தங்க நாணயம். பன்றி உருவம் பொறித்த நாணயங்களால் வந்த பெயர் என்பார்கள். முத்திரையாக இருந்த வராகம் பணத்தின் பெயராகிவிட்டது. அதற்குத் தனியாக ஒரு குறியும் இருந்தது. அந்தக் குறி எங்கே போனது என்பதை அடுத்து பார்ப்போம்.

யூனிகோட் செய்தது என்ன?

உலகின் எல்லா எழுத்துகளுக்கும் ஆளுக்கோர் எண் கொடுக்கும் பொதுப் பட்டியல்தான் யூனிகோட். உங்கள் போனில் தட்டச்சு செய்த 'அ' அடுத்தவர் போனிலும் 'அ'வாகவே தெரிய இதுதான் காரணம். ஒரு குறிக்கு இதில் எண் கிடைத்தால் அது கணினியில் வாழும். கிடைக்காவிட்டால் படமாக மட்டுமே மிஞ்சும்.

௳, ௴, ௵, ௸, ௹ போன்ற தமிழ்க் குறிகளுக்கு 2003-ல் வெளிவந்த யூனிகோட் 4.0-ல் இடம் கிடைத்தது. 2019 மார்ச்சில் வந்த 12.0 பதிப்பில் மேலும் 51 தமிழ்க் குறிகள் சேர்ந்தன. முந்திரி எனப்படும் 1/320 முதலான பின்னங்கள், உழக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைகள், காசு, பணம், பொன், வராகன் ஆகிய நாணயங்கள், நன்செய், புன்செய், உப்பளம் ஆகியவற்றுக்கான நிலக் குறிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஓலையிலும் கணக்கேட்டிலும் மட்டும் இருந்த வராகன் குறிக்கு இப்படித்தான் கணினி முகவரி கிடைத்தது.

ஆனால் ஸ்ரீயின் கதையில் ஒரு சிக்கல் நேர்ந்தது. யூனிகோட் ஸ்ரீக்கென்று தனி எண் தரவில்லை. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி ஆகிய நான்கையும் வரிசையாகப் போட்டால் எழுத்துரு அதை ஸ்ரீயாகக் கோத்துக் காட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். சமஸ்கிருத உச்சரிப்பின்படி பார்த்தால் முதல் எழுத்து 'ஸ' அல்ல, 'ஶ'. மலையாளத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அப்போது தமிழுக்கான யூனிகோட் பட்டியலில் 'ஶ' கிடையாது. 2005-ல் வந்த 4.1 பதிப்பில்தான் அது சேர்ந்தது. சேர்ந்த பிறகு, ஶ-வில் தொடங்கும் வரிசையே சரியானது என்று யூனிகோட் அறிவித்தது.

அதற்குள் பழைய முறையில் எத்தனையோ கோப்புகளும் இணையப் பக்கங்களும் வந்துவிட்டன. மென்பொருள்களும் ஒரே நாளில் மாறவில்லை. இரண்டு வரிசைகளும் புழக்கத்தில் நிலைத்துவிட்டன. இரண்டையும் சமமாக நடத்துங்கள் என்பது யூனிகோடின் பரிந்துரை. ஆனால் அது பரிந்துரை மட்டுமே, கட்டாயம் அல்ல.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மலையாளத்தில் சில்லு என்று சில எழுத்துகள் உண்டு. 'அவன்', 'அவள்' ஆகியவற்றின் கடைசியில் வருவது போன்ற, உயிர் சேராத மெய்கள் அவை. முதலில் இவற்றையும் பல குறிகளின் கூட்டாகவே எழுத வேண்டியிருந்தது. 2008-ல் வந்த 5.1 பதிப்பில் அவற்றுக்குத் தனி எண்கள் கிடைத்தன. ஒரே எழுத்துக்கு இரண்டு முகவரி ஆகிவிடும் என்று மலையாளக் கணிமை ஆர்வலர்கள் சிலர் அப்போது எதிர்த்தார்கள். இன்று பழைய முறை, புதிய முறை இரண்டிலும் மலையாளக் கோப்புகள் கிடைக்கின்றன. ஆக, ஸ்ரீவராகத்தில் வசிக்கும் ஒருவரின் பெயர் தமிழிலும் தடுமாறலாம், மலையாளத்திலும் தடுமாறலாம்.

சரி, இதுல எனக்கு என்ன?

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பெயர். ஸ்ரீயில் தொடங்கும் பெயரைத் தமிழில் தேடி அகப்படவில்லை என்றால், 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். வேறு கருவியிலிருந்தோ வேறு விசைப்பலகையிலிருந்தோ தட்டச்சு செய்து பாருங்கள். அல்லது பெயரின் பின்பாதியை மட்டும் தேடுங்கள். 'வராகம்' என்று தேடினால் இரண்டு ஸ்ரீவராகமும் கிடைத்துவிடும்.

இரண்டாவது, ஆங்கில எழுத்து. ஒரே ஸ்ரீயைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் எஸ்-ஆர்-ஐ என்றும், கேரளத்தில் எஸ்-ஆர்-இ-இ என்றும், வடக்கே எஸ்-ஹெச்-ஆர்-ஐ என்றும் எழுதுவது வழக்கம். ஊர் மாறி வேலை பார்ப்பவர்களின் ஆவணங்களில் மூன்றும் கலந்துவிட வாய்ப்பு உண்டு. ஆதார், பான், பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே வடிவம் இருக்கிறதா என்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். விசா நேர்காணலுக்கு முந்தைய நாள் பார்ப்பதைவிட இது நல்லது.

மூன்றாவது, பத்திரம். குடும்பச் சொத்துப் பத்திரத்தில் ௸, ௵, ௴, ௳ ஆகிய நான்கையும் அடையாளம் காணத் தெரிந்தாலே பெரும்பகுதி பிடிபட்டுவிடும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியில் இருந்தது. அதனால் அங்குள்ள பழைய பத்திரங்களில் மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் வரும். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், ஆவணி முதல் நாள் பிறக்கும். அன்றிலிருந்து டிசம்பர் வரையான தேதிக்கு 824-ஐயும், ஜனவரியிலிருந்து அந்தக் கொல்லம் ஆண்டு முடியும்வரையான தேதிக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1100 என்றால் 1924 ஆகஸ்ட் முதல் 1925 ஆகஸ்ட் வரை. தொகை சக்கரத்தில் இருந்தால், ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு என்று கணக்கு.

நான்காவது, மென்பொருள் எழுதுபவர்களுக்கு. நார்மலைசேஷன் செய்துவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். யூனிகோடின் வழக்கமான நார்மலைசேஷன் முறைகள் எதுவும் இந்த இரண்டு ஸ்ரீக்களையும் ஒன்றாக்குவதில்லை. தேடலிலும் பெயர் ஒப்பீட்டிலும் இரண்டையும் சமமாக்க நீங்களே தனியாக ஒரு விதி எழுத வேண்டும். சில வரிகளில் முடிகிற வேலை. எழுதாமல் விட்டால், ஒரு ஸ்ரீதேவியின் விண்ணப்பம் 'பதிவு இல்லை' என்று திரும்பிவரும். ஏன் என்று அவருக்கும் தெரியாது, கவுன்ட்டரில் இருப்பவருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. ஓலையில் எழுதிய கணக்கர், ௸ எழுதுவதா 'மேற்படி' என்று முழுதாக எழுதுவதா என்பதைத் தானே முடிவு செய்தார். யாழ்ப்பாணத்தில் தார் டப்பாவோடு நின்றவருக்கும் தான் எழுதுவது என்ன என்று தெரியும். இன்று உங்கள் போனில் ஸ்ரீ என்று தட்டும்போது, அது எந்த ஸ்ரீ என்பதை உங்கள் விசைப்பலகைச் செயலி முடிவு செய்கிறது. அதை மாற்ற உங்களால் முடியாவிட்டாலும், இரண்டு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் தேடும்போது ஏமாற மாட்டீர்கள்.